கார் சீட் கவரை வீட்டிலேயே பிரித்துத் தைக்கப் பழகலாமா?

நீலநூல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். என் காரில் டிரைவர் சீட்டின் வெளிப்பக்க மேடு, ஏறி இறங்கும்போது தொடை உரசுகிற இடம், தையல் விட்டுப் பிளந்துவிட்டது. உள்ளேயிருக்கும் ஃபோம் எட்டிப் பார்க்கிறது. மற்ற இடமெல்லாம் உறுதியாகத்தான் இருக்கிறது. மேலே மாட்டுகிற ரெடிமேட் கவர் எனக்குப் பிடிப்பதில்லை. உட்கார்ந்தால் நழுவுகிறது, ஓரம் சுருண்டுகொள்கிறது. ஒரிஜினல் கவரையே கழற்றி, கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றித் தைக்க வேண்டும் என்று ஆசை.

நான் வீட்டில் துணி தைப்பேன். சட்டை, பாவாடை, ஜன்னல் திரை எல்லாம் நன்றாக வரும். மிஷின் மோட்டார் போட்ட சாதாரண வீட்டு மிஷின். ரெக்சினில் கை வைத்ததே இல்லை. என் மிஷின் தாங்குமா? என்ன நூல், என்ன ஊசி? எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு சீட்டோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம் இல்லை. இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஸ்பேனர்14 எழுதியது:

தையலுக்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீட் முதுகின் வெளிப்பக்க ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணிச்சீட்டோ பிளாஸ்டிக் வில்லையோ இருக்கிறதா என்று பாருங்கள். 1990களின் நடுவில் வால்வோ 850இல் வந்த பக்கவாட்டு ஏர்பேக் இன்று ஏராளமான வண்டிகளில் சீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இருந்தால், அந்த முதுகுக் கவரில் கை வைக்காதீர்கள். அந்த ஓரத்துத் தையல், பை விரியும்போது சரியாக அந்த இடத்தில் கிழிந்து வழிவிட வேண்டும் என்றே கணக்குப் போட்டுத் தைத்தது. கெட்டி நூலால் தைத்து அடைத்துவிட்டால் பை வேறு பக்கம் திரும்பும், இல்லையேல் தாமதமாக வரும். கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் இருப்பதே கொஞ்ச இடம். சில பத்து மில்லி விநாடிக்குள் அது விரிந்தாக வேண்டும். மேலே மாட்டும் கவரும் அந்த ஓரத்தை மூடினால் இதே ஆபத்துதான்.

சீட்டைக் கழற்றும் முறை: மின்சாரத்தில் நகரும் சீட் என்றால் முதலில் முன்னும் பின்னும் நகர்த்தி, நான்கு போல்ட்டுகளும் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு அது நகராது. போல்ட்டுகளை லூஸ் பண்ணிவிட்டு, இக்னிஷனை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, வண்டியின் மானுவலில் சொன்ன நேரம் வரை காத்திருங்கள். ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டிக்குள் கெபாசிட்டரில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், அது வடிய வேண்டும். அதன் பிறகுதான் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டரைக் கழற்றலாம். அந்த வயரில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கவே கூடாது. சீட் வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள், எச்சரிக்கை விளக்கு எரிந்து கோளாறு பதிவாகிவிடும். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, மானுவலில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். மோதலில் சீட்டோடு சேர்த்து உங்களையும் பிடித்து நிறுத்துவது அந்த நான்கு போல்ட்டுகள்தான்.

குஷன்மாமா எழுதியது:

தாராளமாகப் பழகலாம் தங்கச்சி. எனக்கு இதுதான் பிழைப்பு. துணித் தையலிலிருந்து இந்தப் பக்கம் வந்தவன் என்பதால், உங்களுக்கு எது கைவந்திருக்கும், எது புதிதாக இருக்கும் என்று ஓரளவு தெரியும். ஸ்பேனர் தம்பி சொன்னதை ஒரு வரி விடாமல் செய்யுங்கள். நீங்கள் சொல்கிற பிளப்பு உட்காரும் குஷனில் என்றால் வேலை சுலபம். பக்கவாட்டுப் பை பெரும்பாலும் முதுகில்தான் இருக்கும். குஷனிலும் அந்த 'ஏர்பேக்' துணிச்சீட்டு தொங்குகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

துணி தைக்கிறவர்களுக்கு இதில் கஷ்டம் தையல் அல்ல, பிரிப்பதும் குறிப்பதும்தான். பழைய கவர் கையில் இருக்கும்வரை உங்களுக்கு வேறு வாத்தியார் தேவையில்லை. ஆனால் அவசரப்பட்டுப் பிளேடால் அறுத்துவிட்டால் அது வாய் திறக்காது. தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்து ஒவ்வொரு கண்ணியாக அறுங்கள். பிரிக்கும் முன்பே கவர் முழுதாக இருக்கும்போது எல்லாப் பக்கமும் படம் பிடியுங்கள். ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் எண் போடுங்கள், முன்பக்கம் எது என்று அம்புக்குறி போடுங்கள். பிறகு தையலின் குறுக்கே, இரண்டு துண்டையும் தொடுகிற மாதிரி, நாலைந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. வளைவு வரும் இடத்தில் கோடுகளை இன்னும் நெருக்கிப் போடுங்கள். எது எதோடு சேரும் என்று அந்தக் கோடு சொல்லும்.

பிரித்த துண்டைத் திருப்பி ஓரத்தைக் கவனியுங்கள். கம்பெனியிலேயே சின்னச் சின்ன முக்கோண வெட்டுக்குறி விட்டிருப்பார்கள். அது எதிர்த் துண்டில் எந்த வெட்டுக்குறியோடு சேருகிறதோ, அதுதான் அந்த வளைவின் ரகசியம். தையல் இருந்த இடத்தில் ஊசித்துளை வரிசையாகத் தெரியும். துளையிலிருந்து ஓரம் வரை எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இருக்கும். தையலுக்கு விட வேண்டிய அளவு அதுதான். 10 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளை என்று எண்ணுங்கள். 25 வந்தால் தையல் நீளம் 4 மில்லிமீட்டர். வெயில் படாமல் மடிப்புக்குள் இருந்த பட்டையில் ரெக்சினின் அசல் நிறமும் அப்படியே இருக்கும். புது ரெக்சின் வாங்கும்போது வெளுத்த பக்கத்தை வைத்துப் பொருத்துவதா, அந்தப் பட்டையை வைத்துப் பொருத்துவதா என்று அப்போது யோசிக்க வேண்டி வரும். என் அபிப்பிராயம்: ஒரு பக்க மேட்டை மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கத்தையும் சேர்த்து மாற்றுங்கள். நிறம் கொஞ்சம் மாறினாலும் வேண்டுமென்றே செய்தது போல் அமையும்.

கிழிந்த துண்டை அப்படியே வரைந்து வெட்டாதீர்கள். வருஷக்கணக்கில் உட்கார்ந்து அது இழுபட்டுப் போயிருக்கும். உள்பக்க மேடு அவ்வளவாகத் தேயாது. அதைப் பிரித்துத் தாளில் வரைந்து, தாளைப் புரட்டினால் வெளிப்பக்கத்துக்கு அச்சு தயார். சில சீட்டில் லீவர் இருக்கும் பக்கம் வடிவம் வேறாக இருக்கும், வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு சரிதானா என்று பார்க்க ஒரே வழி, சேரப்போகிற இரண்டு துண்டின் தையல் கோட்டையும் டேப்பால் அளப்பது. ஓரத்தை அளக்கக் கூடாது, வளைவில் ஓரம் வேறு நீளம் காட்டும்.

ரெக்சினை வீட்டு சோஃபாவுக்கு விற்கிற கடையில் எடுக்காதீர்கள், காருக்கென்றே வருவதைக் கேளுங்கள். காருக்குள் போகும் துணிக்குத் தீப்பிடிக்கும் வேகத்தில் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவின் 302ஆம் எண் விதி, ஐஎஸ்ஓ 3795 என்று விவரத்தாளில் போட்டிருப்பார்கள். முதலாவதில் நிமிஷத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது. இன்னொன்று, பழைய துண்டின் முதுகில் 3 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் ஃபோம் ஒட்டியிருக்கும். புது ரெக்சினுக்கும் அதே கனத்தில் ஃபோம் வைத்து, தையலுக்கு விட்ட இடத்துக்குள் சுற்றிலும் ஒரு ஓட்டுத்தையல் போட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஃபோம் இல்லாமல் தைத்தால் மேட்டில் கவர் தொளதொளக்கும்.

நூல்: பருத்தி நூல் வேண்டவே வேண்டாம். பாண்டட் (இழை பிரியாதபடி பூச்சு கொடுத்த) நைலான் அல்லது பாண்டட் பாலியஸ்டர், டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூலின் கன அளவு). நைலான் உறுதி, கொஞ்சம் நெகிழும். வெயிலைத் தாங்குவதில் பாலியஸ்டர் மேல். வீட்டு மிஷினுக்கு டெக்ஸ் 70தான் எல்லை, அதற்கு மேல் போனால் நூலின் டென்ஷன் (இறுக்கம்) படியாது. ஊசி அளவு 110/18. ரெக்சினுக்கு வட்ட முனையுள்ள சாதாரண ஊசியே போதும். கத்தி முனை ஊசி தோலுக்கு மட்டும், ரெக்சினில் போட்டால் துளை வெட்டுக் காயமாகிவிடும். தையல் நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. துணி தைக்கிற பழக்கத்தில் நெருக்கமாகப் போட்டால் உறுதி என்று தோன்றும். ரெக்சினில் நெருக்கத் துளைகள் தபால்தலைத் தாள் மாதிரி, இழுத்தால் வரிசையாகக் கிழியும்.

மிஷினைப் பற்றி: இரண்டு ரெக்சின், இரண்டு மெல்லிய ஃபோம் வரை நல்ல வீட்டு மிஷின் போகும். நான்கு ஐந்து மடிப்பு சேரும் மூலைகளில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். முதலில் தலைச்சாய்மானத்தின் உறையோ, கதவுப் பலகையில் இருக்கும் தட்டைத் துண்டோ தைத்துப் பாருங்கள். குண்டூசி குத்தாதீர்கள், ரெக்சினில் துளை ஆறாது. கவ்வும் கிளிப் போதும்.

பின்சீட் எழுதியது:

மாமா சொன்னதெல்லாம் சரி. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறவர்களுக்கு நான் மிஷினைத்தான் முதலில் சொல்வேன். வீட்டு மிஷினில் அடியிலிருக்கும் பல் கீழ்த்துண்டை மட்டும் இழுக்கும், மேல்துண்டு, மேலிருந்து அழுத்தும் பாதத்தில் ஒட்டிக்கொண்டு பின்தங்கும். நீளமான தையலில் கடைசியில் ஒரு விரல் அளவு மீந்து நிற்கும். வாக்கிங் ஃபுட் மிஷினில், அதாவது ஜூகி டிஎன்யூ 1541, கான்சூ 206ஆர்பி, பழைய சிங்கர் 111டபிள்யூ போன்றவற்றில், பல்லும் ஊசியும் உள்பாதமும் மூன்றும் சேர்ந்து நகரும். துணி நகர வேறு வழியே இல்லை. பழையது கிடைத்தால் வாங்கி, அதிலிருக்கும் கிளட்ச் மோட்டாரை எடுத்துவிட்டு, மெதுவான வேகத்தையும் கட்டுப்படுத்தவிடும் சர்வோ மோட்டார் போட்டுக்கொண்டால் ஒவ்வொரு தையலாகக்கூட நகர்த்தலாம்.

குஷன்மாமா எழுதியது:

பின்சீட் சொல்கிற மிஷின்கள் மூன்றும் அருமையானவை, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. முழு சீட் செட் தைக்கத் துணியும்போது கட்டாயம் வேண்டும். ஆனால் முதல் மேட்டை வீட்டு மிஷினில் தைக்கட்டும் என்பேன். மேல்துண்டு பின்தங்குவதைக் கையால் உணர்ந்து சரிசெய்யப் பழகியவர் பெரிய மிஷினில் உட்காரும்போது வளைவு தானாக வரும். பாதம் ஒட்டாமல் இருக்க டெஃப்லான் பாதம் போடலாம். இல்லாவிட்டால் மெல்லிய டிஷ்யூ தாளை மேலே வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம்.

நீலநூல் எழுதியது:

அண்ணா, ரொம்ப நன்றி. 'ஏர்பேக்' துணிச்சீட்டு முதுகில்தான் இருக்கிறது, குஷனில் இல்லை. குஷன் கவரைக் கழற்றிப் பிரித்துவிட்டேன். நீங்கள் சொன்ன முக்கோண வெட்டுக்குறிகள் அப்படியே இருக்கின்றன! தலைச்சாய்மான உறை ஒன்றும் தைத்து முடித்தேன், தட்டையான இடங்கள் நன்றாக வந்தன.

இப்போது மூன்று சந்தேகம். தையலுக்கு அடியில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்குகிறது, நடுநடுவே ஒரு தையல் விட்டும் போகிறது. மேட்டுத்துண்டின் ஓரம் வெளிப்பக்கமாக வளைகிறது, சேர வேண்டிய துண்டின் ஓரம் உள்பக்கமாக வளைகிறது. கிளிப் போட்டாலே சுருக்கம் விழுகிறது, எப்படித் தைப்பது? ஃபோமின் வெளி ஓரம் நசுங்கி, ஒரு பக்கம் கையோடு உதிர்கிறது. முழுதாக மாற்ற வேண்டுமா?

குஷன்மாமா எழுதியது:

பிரித்த கையோடு வெட்டுக்குறியைப் பார்த்துவிட்டீர்களே, இனி பயமில்லை.

அடியில் கண்ணி தொங்கினால் மேல்நூலின் டென்ஷன் போதவில்லை. பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலைக் கோர்த்து, பிறகு டென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாதம் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு நடுவே உட்காராது, எவ்வளவு ஏற்றினாலும் பலனில்லை. தையல் விட்டுப்போவதற்குக் காரணம் வேறு. ஊசி மேலே வரும்போது ரெக்சினும் கூடவே எழும்புகிறது, மிஷினின் அடியிலிருக்கும் கொக்கிக்கு நூல் கண்ணி கிடைப்பதில்லை. பாத அழுத்தத்தைக் கூட்டுங்கள், புது ஊசி போடுங்கள். வெட்டி எறிகிற துண்டில் அதே எண்ணிக்கை மடிப்பு வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சீட்டுத்துண்டுக்கு வாருங்கள்.

வளைவுக்கு வருவோம், இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உள்வளைவாக இருக்கும் துண்டின் ஓரத்தில், தையல் கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் முன்னால் நிற்கிற மாதிரி, ஒவ்வொரு விரல் அகல இடைவெளிக்கும் ஒரு சின்ன வெட்டு கொடுங்கள். ஓரம் விரிந்து கொடுத்து, எதிர்வளைவோடு தட்டையாகச் சேரும். தைக்கும்போது உள்வளைவுத் துண்டு மேலே இருக்கட்டும், வெட்டுகள் விரிவது கண்ணுக்குத் தெரியும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஓட்டாதீர்கள். நடு வெட்டுக்குறியில் தொடங்கி ஒரு முனைக்குப் போங்கள். பிறகு மறுபடி நடுவுக்கு வந்து, நாலைந்து தையல் மேலேறி, அடுத்த முனைக்குப் போங்கள். வித்தியாசம் வந்தாலும் இரண்டு பக்கமும் பாதி பாதியாகப் பிரிந்துவிடும். கிளிப்பில் நிற்கும் முழு நீளத்தையும் பார்த்துக் கலங்க வேண்டாம். ஊசிக்கு முன்னால் இருக்கிற 2 சென்டிமீட்டர் தட்டையாக இருந்தால் போதும், அடுத்த 2 சென்டிமீட்டரை அங்கே போனதும் திருப்பிக்கொள்ளலாம். துண்டை இழுத்து மட்டும் தைக்காதீர்கள். இழுத்த இடம் சீட்டில் மாட்டியதும் அலையலையாக எழும்பும்.

மேலே தெரிகிற அலங்காரத் தையல் இருந்தால், அடியில் ஓரங்கள் எந்தப் பக்கம் மடிந்திருந்தன என்று பழைய படத்தைப் பார்த்து அதே பக்கம் மடியுங்கள். மாற்றி மடித்தால் மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் தெரியும்.

ஃபோம் முழுதாக மாற்ற வேண்டாம். அச்சில் வார்த்த ஃபோமின் வடிவத்தைப் பலகை ஃபோமில் செதுக்கிக் கொண்டுவருவது பெரும்பாடு. உதிர்கிற பகுதியைக் கத்தியால் நேராக, சதுரமாக வெட்டி எடுத்துவிடுங்கள். அதே அழுத்தமுள்ள ஃபோம் துண்டைக் கொஞ்சம் பெரிதாக ஒட்டி, காய்ந்த பிறகு நீளக் கத்தியால் வடிவத்துக்குச் சீவி, முரட்டு உப்புத்தாளால் தேயுங்கள். காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் சேர்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்தால் பிடிக்காது. உட்காரும் மேற்பரப்புக்கு அருகில் பசை வராமல் பாருங்கள், காய்ந்தால் கட்டி தட்டி உடம்பில் உறுத்தும். ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்துச் செய்யுங்கள். அதன் ஆவி தலையைச் சுற்ற வைக்கும், தீயும் பிடிக்கும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கூடாது.

மாட்டும்போது, கவரை ஃபோமோடு இழுத்துப் பிடிக்கும் பழைய கம்பி வளையங்களைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை திறந்த வளையம் மறுபடி இறுக்கமாக மூடாது. ஹாக் ரிங் என்கிற அந்த வளையங்களைப் புதிதாகவும், அதைப் பிடிப்பதற்கென்று இருக்கும் பள்ளம் வெட்டிய பிளையரும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டை போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கையில்லை. அதன் தலை பள்ளத்துக்குள் உறுத்திக்கொண்டே இருக்கும். பழைய கவரின் அடியில் துணிக்குழாய்க்குள் ஒரு கம்பி ஓடியிருக்குமே, அதை உருவிப் புதுக் கவரில் மறக்காமல் நுழையுங்கள். வளையம் அந்தக் கம்பியைத்தான் பிடிக்க வேண்டும், வெறும் துணியைப் பிடித்தால் உட்கார்ந்த முதல் வாரமே கிழிந்துவிடும். கவரைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டு இளக விடுங்கள். ஃபோமின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, கவரைப் பாதி உள்வெளியாகப் புரட்டி, நடுப்பள்ளத்து வளையங்களை முதலில் போடுங்கள். அப்புறம் பிளாஸ்டிக்கை உருவிவிட்டுப் பக்கங்கள். அடி ஓரத்தின் பிளாஸ்டிக் கொக்கிகள் எல்லாவற்றுக்கும் கடைசி. சீட்டில் சூடேற்றும் கம்பிப்பாய் இருந்தால் வளையம் அதைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சச் சுருக்கத்துக்கு நீராவி போதும், ஈரத்துணி ஒன்றை நடுவில் வைத்துப் பிடியுங்கள்.

நீலநூல் எழுதியது:

மேடு தைத்தாகிவிட்டது அண்ணா. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போனதில் ஒரு சுருக்கம்கூட இல்லை! நாளை மாட்டப் போகிறேன். கையோடு கையாகப் பக்கத்து சீட்டின் குஷனையும் மாற்றி, உட்கார மெத்தென்று இருக்க மேலே இன்னும் ஒரு அடுக்கு ஃபோம் வைக்கலாமா?

ஸ்பேனர்14 எழுதியது:

பக்கத்து சீட்டில் கூடுதல் ஃபோம் வைக்காதீர்கள். நிறைய வண்டிகளில் அந்தக் குஷனுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, எவ்வளவு கனம் என்று பார்க்கும் சென்சார் இருக்கும். முன்பக்க ஏர்பேக் விரியலாமா வேண்டாமா என்பதை வண்டி அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அந்த ஃபோம், அந்தக் கவரின் கனம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அளவு வைத்திருப்பார்கள். மானுவலில் பாருங்கள், சென்சார் இருந்தால் அந்தக் குஷனை அப்படியே விட்டுவிடுங்கள்.

நாளைக்கு மாட்டி முடித்ததும், எல்லாக் கனெக்டரையும் பொருத்திவிட்டு, பேட்டரியைக் கடைசியில் இணையுங்கள். சாவியைத் திருப்பினால் ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டாம். மறுபடி பேட்டரியைக் கழற்றி, காத்திருந்து, அந்த மஞ்சள் கனெக்டர் முழுதாகப் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் நின்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள்.

குஷன்மாமா எழுதியது:

மாட்டியதும் படம் போடுங்கள் தங்கச்சி. முன் மூலை இரண்டையும் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். மேடு, மேல்துண்டு, முன்பட்டை மூன்றும் அங்கேதான் கூடும். அங்கே இழுப்பு தெரிந்தால் எந்த வளையத்தைத் தளர்த்த வேண்டும் என்று சொல்கிறேன்.